காற்றை ஏற்றி வந்த லொறி

இப்படியெல்லாம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் கட்டுகஸ்தோட்டைக் கந்தோரில் லொறிகளை அனுப்புகிற கதிரையிலிருந்து நான் எழும்புகிறேன், அதில் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். ஆகவே உங்களைப் பொறுத்தவரை நான் பழைய ஆள்தான். பழைய ஆளுக்குரிய உரிமையோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன். எந்த லொறிக்கு எப்போது எண்ணெய் மாற்றுவது, எந்தத் தொழிற்சாலையின் வாசல் எப்போது பூட்டும் என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். கணினி வாய் திறக்காத விஷயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கதிரை. அது யன்னலுக்கு நேரே இருக்கிறது. யன்னலுக்கு வெளியே மகாவலிப் பாலம். காலையில் ஆற்றிலிருந்து பனிப்புகை எழும்பிப் பாலத்தை மறைத்துவிடும். அப்போது பஸ்களும் லொறிகளும் சில்லு இல்லாமல் தண்ணீரின் மேல் மிதந்து போவது போலிருக்கும். நான் வவுனியாக்காரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே நின்றுவிட்டவள். தட்டையான ஊரில் பிறந்தவளுக்கு மலை என்பது எத்தனை வருடம் போனாலும் பழகாது. கையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். எங்கள் லொறிகள் இந்த நேரம் எந்த வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் என்று யோசிப்பேன். யோசனை மெல்ல மெல்லக் கனவாகிவிடும். வீதிகள் ஆறுகள் போல ஓடும், லொறிகள் அதில் இலைகள் போலப் போகும். சிரிக்காதீர்கள். அந்த வேலைக்குக் கொஞ்சம் கனவு தேவை. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மனிதர் உங்கள் வார்த்தையை நம்பி இடதுபக்கம் திரும்புகிறார். அவரைக் கண்ணை மூடிப் பார்க்கத் தெரியாவிட்டால் அந்தக் கதிரையில் இருந்து பயனில்லை.

நம்முடைய முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். என்னை ‘மகள்’ என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் ‘மிஸ்’. நான் சேர்ந்தபோது அவரிடம் நான்கு லொறிகள் இருந்தன. அதில் பெரியது, பத்துச் சில்லு லொறி, லோகு அண்ணையின் கையில் இருந்தது. லோகநாதன் என்பது முழுப்பெயர். பன்விலத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து ட்ரக்டரில் கை பழகி, பிறகு பெருவீதிக்கு வந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பன்விலப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் தேயிலையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

டீசல் விலை மாத முடிவு தோறும் மாறத் தொடங்கிய காலம் அது. மாறுவது என்றால் பெரும்பாலும் ஏறுவது. ஆனால் தொழிற்சாலைகள் தருகிற கூலி வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். டீசல் ஏறிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய லொறி கொழும்பு வீதியின் கடுகண்ணாவ ஏற்றத்தில் எங்களுடைய வருமானத்தைக் குடித்துக்கொண்டு வந்தது. ஒருநாள் ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

“லோகு, ஒங்கட மேல ஒரு குத்தமும் இல்ல. வெளங்குதா? ஆனா இன்னொரு தரம் டீசல் ஏறினா இத நான் வித்துடுவேன். எனக்கு வேற வழி இல்ல.”

“மத்த லொறியில ஏதாச்சும் பார்த்து...” என்றார் லோகு அண்ணை.

“அதுகளுக்கு டிரைவர்மார் ஈக்காங்களே. அவங்கள நான் எங்க அனுப்ப?”

லோகு அண்ணை தலையை ஆட்டினார். வேறு கம்பனிகளுக்குப் போனால் இந்த வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அவருடைய மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த லொறியைத் தவிர வேறு நினைப்பில்லை. உங்களிடமும் ஆட்கள் வந்து டீசலை மிச்சம் பிடிக்கிற தந்திரங்களைச் சொல்வார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடு, மண்ணெண்ணெய் கொஞ்சம் கல, தேய்ந்த டயரோடு இன்னும் ஒரு மாதம் ஓட்டு. ஒன்றையும் கேட்காதீர்கள். கடுகண்ணாவ இறக்கத்தில் கியர் இல்லாமல் வருகிற பாரலொறியை நிறுத்த வேண்டுமென்றால் மலைதான் குறுக்கே வர வேண்டும். லோகு அண்ணை அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. ஓட்டச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் எஞ்சினுக்குள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கே என்று தெரியவில்லை. ஆகவே ஒரு நாள் அவரோடு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போனேன்.

நீங்களும் முதல் மாதத்திலேயே ஒருதடவை ஏறிவிடுங்கள். வரைபடத்தில் வீதி ஒரு கோடு. லொறியின் முன் ஆசனத்திலிருந்து பார்த்தால் அது மூச்சுவிடுகிற ஏதோ ஒன்று. போகும்போது பின்னால் தேயிலை நிறைந்திருந்தது. பாரத்தோடு லொறி நிதானமாக, கர்ப்பிணிப் பெண் படி இறங்குவதுபோல இறங்கியது. திரும்பும்போது வெறும் பெட்டி ஒவ்வொரு குழிக்கும் மேளம் கொட்டியது. சரக்கை மூடுகிற தார்ப்பாய்ப் படங்கு காற்றில் அடித்தது. கடுகண்ணாவ ஏற்றத்தில் மேகம் வீதிக்கு இறங்கி வந்திருந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து ஒரு நீல லொறி மெல்ல உருவாகி எங்களை நோக்கி இறங்கி வந்தது. லோகு அண்ணை ஹோர்ன் அடித்தார். அந்த லொறியும் அடித்தது. அதன் சாரதி கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடியும் மேகத்துக்குள் கரைந்து போனார்.

“ஆர் அண்ணை அது?”

“கெலிஓயா தாத்தாவோட லொறி மிஸ். அநேகமா டெயிலி பார்ப்போம். கொழும்பிலேருந்து கெலிஓயா கடைக்கு மாவு, பருப்பு எல்லாம் ஏத்திட்டு வருவாரு. இப்ப சும்மா கீழ போறாரு.”

“சும்மாவோ?”

“சும்மாதான். நான் சும்மா மேல வர்றேன், அவரு சும்மா கீழ போறாரு. ரெண்டு பேரும் காத்த ஏத்திக்கிட்டுப் போறோம். காத்துக்கு யாரு கூலி தர்றா?” அவரே சொல்லி அவரே சிரித்தார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் கீழே கொண்டு போகிறோம், மேலே வெறுமையாக வருகிறோம். அவர்கள் மேலே கொண்டு வருகிறார்கள், கீழே வெறுமையாகப் போகிறார்கள். இரண்டு லொறிகளும் ஒரே வளைவில் ஒன்றையொன்று பார்த்துக் கையசைத்துக்கொள்கின்றன.

“ஏன் அண்ணை, அந்தத் தாத்தாவோட ஒருக்காக் கதைச்சா என்ன?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அது அடுத்தவங்க பார்ட்டி மிஸ். தொடக்கூடாது.”

பார்ட்டி என்றால் நம்முடைய தொழிலில் கூலி தருகிற வாடிக்கையாளர். இந்தச் சொல்லை நீங்கள் தினமும் கேட்பீர்கள். கண்டிச் சுற்றுவட்டாரத்துச் சின்னக் கம்பனிகள் ஒன்றுக்கொன்று டயர் கடன் கொடுக்கும், நடுவீதியில் நின்ற லொறியை இழுத்து வரும், கலியாணத்துக்கு லொறியே கொடுக்கும். ஆனால் அடுத்தவர் பார்ட்டியின் வாசலில் போய் நிற்க மாட்டார்கள். அதனால்தான் சரக்கு மாற்றுகிற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. சரக்கைத் தொட்டால் பார்ட்டியையும் தொட்டதாகிவிடும் என்று பயம்.

நான் கந்தோருக்கு வந்ததும் ஹாஜியாரிடம் கேட்டேன்.

“கெலிஓயா தாத்தாவா?” என்றார். “நல்ல ஆள். ஆனா கறார். இப்ப கால் சரியில்லாம ஈக்காங்க. போறதுண்டா போய்ப் பாருங்க, மகள். நான் அனுப்பினேண்டு சொல்ல வேணாம்.”

கால் சரியில்லை. எனக்கு மனதுக்குள் ஒரு முழு ஆளே உருவாகிவிட்டார். வெள்ளைத் தாடி, தொப்பி, சாரம், சாய்மனைக் கதிரை, பக்கத்தில் ஊன்றுகோல். அடுத்த நாளே பஸ் ஏறினேன். பேராதனையில் இறங்கி, பழக்கடையில் நின்று நிதானமாக யோசித்து, பல் இல்லாதவருக்கும் ஏற்றதாக நன்கு கனிந்த பப்பாசிப்பழம் ஒன்றும், மருந்துக் கடையில் மூட்டுவலித் தைலம் ஒன்றும் வாங்கினேன். பப்பாசியை மடியில் வைத்துக்கொண்டு, மழையில் ஓடுகிற யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, அந்தக் கிழவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே கெலிஓயா போய்ச் சேர்ந்தேன்.

கடைகளுக்குப் பின்னால் சின்னக் கந்தோர். வாசலில் அந்த நீல லொறி. உள்ளே ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதுகூட மதிக்க முடியாது. தலையில் முக்காடு, காதில் போன், கணுக்காலில் கட்டு, அந்தக் காலைப் பிளாஸ்டிக் கதிரையில் நீட்டி வைத்திருந்தார். போனில் யாரையோ வறுத்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன வேணும்?”

“தாத்தாவைப் பாக்க வந்தனான். எழும்பி இருக்கிறாரோ?”

“எந்தத் தாத்தா?”

“லொறிக்காரத் தாத்தா. கால் சுகமில்லை எண்டு சொன்னவை.”

அவர் பப்பாசியைப் பார்த்தார். தைலத்தைப் பார்த்தார். தன்னுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“புள்ள எந்த ஊரு?”

“வவுனியா.”

“அதானே!” என்றவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். “இங்க வாங்க, இங்க வாங்க, இந்தப் புள்ள எனக்குப் பல்லுக்கு மெதுவான பழம் கொண்டு வந்தீக்கி!” என்று அவரிடம் சொல்லி இன்னும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். “எங்கட முஸ்லிம் ஆக்கள் மூத்த பொம்பளப் புள்ளயத்தான் தாத்தாண்டு கூப்புட்ற. வாப்பாட லொறிய நான் பாக்கத் தொடங்கின நாள்லேந்து தம்பிமாரும் தாத்தா, டிரைவர்மாரும் தாத்தா, ரோட்டுல போற சிங்கள ஆக்களும் தாத்தா. நீங்க தேடி வந்த கெழவன் நான்தான். பேரு ரிஹானா. உக்காருங்க.”

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகிவிட்டது. நான் அவரிடம் கடுகண்ணாவ மேகத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு லொறிகள் காற்றை ஏற்றிக்கொண்டு கையசைத்துப் போனதைச் சொன்னேன். லோகு அண்ணையைப் பற்றியும், விற்கப் போகிற லொறியைப் பற்றியும் சொன்னேன். அவர் பப்பாசியை வெட்டி எனக்கும் ஒரு துண்டு தந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம்.

“எனக்கும் ராவைக்கு நித்திரை இல்ல,” என்றார் அவர். “மூட்டை மிச்சம் வருது, லொறி ரெண்டும் போதாது. வெளிய லொறி எடுத்தா அவங்க கேக்குறதக் குடுத்துக் கட்டாது.” பிறகு விரலை உயர்த்தினார். “செய்வோம். ஒங்கட தேயிலைல மிஞ்சினத என்ட லொறி கீழ கொண்டு போகட்டும். என்ட மூட்டைல மிஞ்சினத ஒங்கட லோகு மேல கொண்டு வரட்டும். ஆனா ஒண்டு. என்ட சரக்கத் தொடுங்க, லொறியத் தொடுங்க. பார்ட்டியத் தொடாதீங்க.”

“ஓம்,” என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். கையெழுத்து இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் சிரிப்பு வரும். யன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினால், ஏற்றத்தில் பாரத்தோடு ஒரு லொறி, இறக்கத்தில் பாரத்தோடு ஒரு லொறி. லோகு அண்ணை போன் எடுத்தால் பின்னணியில் வெறும் பெட்டியின் மேளம் கேட்காது. “மூட்டை இருந்தா லொறி பேசாம வருது மிஸ், புள்ள தூங்குற மாதிரி,” என்பார். ஆனால் எல்லா நாளும் அப்படி அமையவில்லை. தாத்தாவிடம் மூட்டை மிஞ்சிய நாட்களில்தான் எங்களுக்குத் திரும்பும் சரக்கு. மற்ற நாட்களில் பழையபடி காற்று. ஹாஜியார் கணக்கைப் பார்த்து, “நல்லம், மகள். ஆனா ஏறினா விக்கத்தான் வேணும். ஒவ்வொரு பயணமும் சரக்கோட வந்தா வேற கத,” என்றார். ஒவ்வொரு பயணமும். அந்த இரண்டு சொற்களை நான் பாலத்தின் புகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

நண்பகல். கட்டுகஸ்தோட்டைக் கடைகள் பாதிக்கு மேல் கதவைச் சாத்தியிருந்தன. ஹாஜியார் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். போனை அணைத்துவிட்டுத்தான் பள்ளிக்குள் போவார். லோகு அண்ணை கொழும்பில் ஒரு களஞ்சியத்தின் முன்னால் தாத்தாவின் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என் கைப்போனில் அவர் இருந்தார். கூலிப் பில்லை வழக்கம்போலத் தாத்தாவின் கம்பனிப் பெயரில் எழுதலாமா என்று கேட்பதற்காக. அந்த நேரம் மேசைப் போன் அடித்தது. “இருங்க அண்ணை, வைக்காதேங்கோ” என்று அவரை மேசையில் வைத்துவிட்டு அதை எடுத்தேன்.

பேசியவர் கெலிஓயாவில் மொத்தக் கடை வைத்திருக்கிற முதலாளி. அந்த மூட்டைகளுக்குச் சொந்தக்காரர். அதாவது, தாத்தாவின் பார்ட்டி.

“உங்க லொறியிலதானே இப்ப என் சாமான் ஏறுது?”

“ஓம்.”

“அப்ப நடுவுல அந்தம்மா எதுக்குங்க? நேரா உங்களுக்கே தந்துடுறேன். கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. மிஞ்சினது மட்டுமில்ல, எல்லாமே. உங்க பெரிய லொறி கொழும்பிலேருந்து வர்ற ஒவ்வொரு தடவையும் என் சாமானோட வரும்.”

ஒவ்வொரு பயணமும்.

 வெளியே ஆறு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் முதலாளியிட்டக் கேட்டுச் சொல்லுறன்.”

“அவரு பள்ளியில இருப்பாரு, எனக்குத் தெரியாதா? நீங்கதான் எல்லாம் பார்க்கிறதாக் கேள்வி. அங்க பையன்க படங்கு கட்டுறாங்க. கட்டி முடிக்கிறதுக்குள்ள பில்லு உங்க பேர்லயா அவங்க பேர்லயான்னு சொல்லுங்க. உங்க பேர்ல வந்தா இன்னையிலேருந்து ஆரம்பம். இல்லன்னா நான் வேற ஆளப் பார்க்கிறேன். அந்த லொறிய விக்கப் போறதாக்கூடச் சொன்னாங்களே?”

நீங்கள் இருவரும் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். எனக்கு அவசரப்படத்தான் நேரம் இருந்தது. ஒரு பக்கம் லோகு அண்ணையின் ஸ்டியரிங். அது காப்பாற்றப்பட ஒரு சொல் போதும். மறுபக்கம் பப்பாசித் துண்டோடு நான் சொன்ன ‘ஓம்’. அந்த ஓம் உடைந்தால் கண்டியில் ஒரு கம்பனியும் இனி எங்களுக்குத் தன் சரக்கைத் தொடக் கொடுக்காது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தது நியாயத்துக்கா, கணக்குக்கா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படங்கின் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் கைப்போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

“பில் தாத்தாவின்ர பேரிலயே போகட்டும்,” என்றேன்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஓம்.”

அவர் போனை வைத்துவிட்டார். நான் கைப்போனை எடுத்தேன்.

“அண்ணை, வழமையான பேர்தான்.”

அங்கே கொழும்பில் மழை பெய்யத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரி மிஸ்,” என்றார்.

ஜும்மா முடிந்து வந்த ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்னெட்டக் கேட்டீந்தா எடுக்கச் சொல்லீப்பேன், மிஸ்.”

“உங்கட போன் ஓஃப்பில இருந்தது, ஹாஜியார்.”

“ஓஃப்ல இல்லாட்டிக் கேட்டீப்பீங்களா?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டு யன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

மறுநாள் காலை லோகு அண்ணை வந்தார். உட்காரவில்லை.

“களஞ்சியத்து கிளாக்கர் என்கிட்டயும் சொன்னாரு மிஸ், கடைக்காரர் என்ன கேட்டாருன்னு. நீங்க மேசையில வச்ச போன்லயும் பாதி கேட்டுச்சு.”

“அண்ணை, நான்...”

“நல்லது செஞ்சீங்க. ஊரே சொல்லும். உங்களுக்கு நல்ல பேரு. எனக்கு?” குரலை உயர்த்தவே இல்லை. “நான் ஓட்டுற ஸ்டியரிங்க நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க மிஸ்.”

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு சில கிழமை அவர் போனில் வேலை வார்த்தைகளை மட்டும் பேசினார். ஏத்தியாச்சு. இறக்கியாச்சு. வர்றேன். அந்தக் கிழமைகளில் எனக்குக் கனவும் வரவில்லை. பாலத்தில் பஸ் பஸ்ஸாகவே போனது.

மாத முடிவில் டீசல் ஏறியது. ஹாஜியார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. குருநாகல் பக்கத்துக் கல்லுடைக்கிற ஆள் ஒருவர் லொறியை வாங்கினார். அவர் வந்து எடுத்துப் போகிற நாளில் லோகு அண்ணை அதைக் கழுவித் துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கள் கந்தோரின் நீள மர வாங்கில் வந்து உட்கார்ந்தார். லொறி பாலத்தைக் கடந்து போவதை யன்னலால் நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. இன்னும் கொஞ்சம் நொண்டிக்கொண்டு ரிஹானா தாத்தா இறங்கி வந்தார். எங்கள் கந்தோருக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஹாஜியார் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“என்ட பார்ட்டி என்னெட்ட வந்தாரு,” என்று சலாம் சொன்ன கையோடு தாத்தா தொடங்கினார். “கூலியக் கொறைக்கச் சொல்லி. கொறைக்க ஏலாதுண்டேன். அதுக்கு அவர், ‘கட்டுகஸ்தோட்டைப் புள்ளகிட்ட எல்லாத்தையும் தாரேண்டேன், அதும் எடுக்கல்ல, நீங்களும் கொறைக்கல்ல, ஒங்க ரெண்டு பேருக்கும் எனத்துக்கு இந்த வீம்பு’ண்டு கேக்குறாரு. அப்பதான் எனக்கே தெரியும்.” என்னைப் பார்த்தார். “ஒரு சொல் சொல்லப்படாதா?”

“சொன்னா உங்கட பார்ட்டிக்கும் உங்களுக்கும் இடையில...” என்று இழுத்தேன்.

“சரி, அது கெடக்கட்டும். ஹாஜியார், என்ட நீல லொறிட டிரைவர் கட்டாருக்கு வேலைக்குப் போறாரு. எனக்கு ஆள் வேணும். லோகுவத் தாங்க. ஒங்கட தேயிலைய இனிமே அவரே என்ட லொறில கொண்டு போவாரு, என்ட மூட்டைய அவரே கொண்டு வருவாரு. ஒரு லொறி ரெண்டு பேருக்கும் ஓடட்டும். தனித்தனியா ஓடினா ரெண்டு பேரும் முடிஞ்சி போவோம்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். “கூலி எப்படிப் பிரிக்கிற?”

“பேசுவோம். சண்ட புடிப்போம். பொறகு சரிவரும்.”

“மகள், நீங்க என்ன சொல்றீங்க?” என்று ஹாஜியார் என்னைக் கேட்டார்.  கனவில் வருகிற மாதிரி எல்லாம் தானாகவே நடந்துகொண்டிருந்தது. நான் வாயெல்லாம் பல்லாக, “நல்லம், ஹாஜியார், லோகு அண்ணை திங்கக்கிழமையே போகலாம், நான் எல்லாத்தையும் ஒழுங்கு செய்யிறன், முதல் பயணத்துக்குத் தேயிலையும் தயாரா இருக்கு...” என்று அடுக்கிக்கொண்டு போனேன்.

“மிஸ்.”

லோகு அண்ணைதான். வாங்கிலிருந்து எழும்பவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“அன்னைக்கு நீங்க அந்தக் கடைக்காரருக்குப் பதில் சொன்னப்ப நான் மத்த போன்லதான் இருந்தேன்.”

“தெரியும் அண்ணை.”

“படங்கு கட்டி முடிக்க இன்னும் நேரம் இருந்துச்சு. ‘லோகு அண்ணை, இப்படிக் கேக்கிறாங்க, என்ன செய்யலாம்’னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கெலிஓயா லொறிக்காரரு எனக்கு எத்தனை வருஷமா கை காட்டுறாரு, அவரு வேலையில நான் மண்ணப் போடுவேனா? வேணாம்னுதான் சொல்லியிருப்பேன் மிஸ். ஆனா என் வாயால சொல்லியிருப்பேன்.”

அவர் கோப்பையைக் கைக்குள் ஒரு தரம் திருப்பினார்.

“இப்பவும் பாருங்க. தாத்தா கேக்கிறாங்க, ஹாஜியார் தாறாரு, நீங்க திங்கக்கிழமைங்கிறீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

ரிஹானா தாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார். நான் எழும்பிப் போய் வாங்கில் லோகு அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு கேட்கக்கூடாது என்று தோன்றியது.

“அண்ணை, கெலிஓயாவுக்குப் போறீங்களோ?”

அவர் தேநீரைக் குடித்தார். ஒவ்வொரு மிடறாக, ஆறுதலாக. இரண்டு முதலாளிகளும் ஒரு பட்டதாரியும் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். ஆற்றின் மேல் வெயில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. எங்கேயோ ஒரு பஸ் கெலிஓயா, கம்பளை என்று கூவிக்கொண்டு போனது.

“பன்விலயிலேருந்து ரெண்டு பஸ் மாறணும்,” என்றார். “விடிய வெள்ளன கிளம்பணும்.”

“ராவைக்கு லொறிய ஊட்டுக்கே கொண்டு போங்களேன். காலைல அங்கேந்தே தேயிலைய ஏத்திட்டு வாங்க,” என்றார் ரிஹானா தாத்தா.

அவர் அதையும் யோசித்தார்.

“சரி. போறேன். ஆனா திங்கக்கிழமை இல்ல. அன்னைக்கு மூத்தவளுக்குப் பரீட்சை தொடங்குது, நான்தான் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன். செவ்வாக்கிழமை வர்றேன்.”

“திங்கக்கெழம பார்ட்டிட சாமான்...” என்று ரிஹானா தாத்தா தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “செவ்வாய் வாங்க.”

திங்கட்கிழமை முழுவதும் அந்த நீல லொறி கெலிஓயாவில் சும்மா நின்றது. கடைக்காரர் தாத்தாவுக்கு ஒரு தரமும் எனக்கு ஒரு தரமும் போன் எடுத்துச் சத்தம் போட்டார். டிரைவர் நாளைக்குத்தான் வருவார் என்று நாங்கள் இருவரும் அவருக்கு ஒரே பதிலைச் சொன்னோம்.